டட்சன் 620-ஐத் தாழ்த்துகிறீர்களா? ரிம்மைக் கடைசியில் வாங்குங்கள்

பழைய கெப் வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்று உப்புவெளியில் உள்ள என் கொட்டிலுக்கு வருகிற பிள்ளைகளில் அநேகமானோர் ரிம்மை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். பின் பெட்டியில் பளபளவென்று நாலு அலோய் ரிம் கிடக்கும். அவற்றுக்குக் கீழே தகடு துருப்பிடித்து, ஓட்டை வழியாக வீதி தெரியும். "மாமா, இதைப் பூட்டி, நாலு பக்கமும் நன்றாக இறக்கித் தாருங்கள்" என்பார்கள். என் வரிசை நேர்மாறானது: முதலில் சேசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், பிறகு உயரம், கடைசியில் ரிம். வண்டி எந்த உயரத்தில் நிற்கப்போகிறது என்பது முடிவாகாமல், எந்த ரிம் மட்காட்டில் உரசும், எது உரசாது என்று எவராலும் சொல்ல முடியாது.

நான் எழுதுவது டட்சன் 620 பற்றி. 1972 முதல் 1979 வரை தயாரான வண்டி. முன்னால் டோர்ஷன் பார் எனும் முறுக்குத் தண்டு, பின்னால் பட்டை ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளின் அடுக்கு. டட்சன் சன்னி டிரக் வைத்திருப்பவர்கள் பின்பக்கப் பகுதியை மட்டும் வாசித்தால் போதும். அதன் முன்பக்கம் வேறு அமைப்பு. என்னிடம் நிற்கும் 620 அப்பாவின் வண்டி, ஸ்ரீ இலக்கத் தகடு. மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றியது, இன்றும் ஏற்றுகிறது. அதனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் நான் இறக்குவதில்லை. அதற்கு மேல் இறக்கினால் வண்டி படம் எடுக்கத்தான் உதவும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கெப்புகளுக்கு ஏறிய விலை உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வண்டியை வெட்டிக் கொத்த எனக்கு மனம் வராது.

முதலில் சுத்தியல்

திருகோணமலையில் வண்டி வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. கடற்கரையோரம் நிறுத்தும் வண்டியின் சேசி வெளியில் கறுப்பாக, அழகாகத் தெரியும். உள்ளே இரும்பு படை படையாக உரிந்திருக்கும். சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். இரண்டு இடங்களைக் கவனமாகத் தட்டுங்கள். ஒன்று, பட்டை ஸ்பிரிங்கின் முன் கண் சேசியில் மாட்டியிருக்கும் தாங்கி. மற்றது, டோர்ஷன் பாரின் பின்முனை வந்து உட்காரும் குறுக்குச் சட்டம். நல்ல இரும்பு கணீரென்று பேசும். செத்த இரும்பு 'டொக்' என்று முடித்துக்கொள்ளும். சுத்தியல் உள்ளே போய்விட்டால் தாழ்த்தும் எண்ணத்தை ஒத்திவைத்து, ஒட்டு வேலை தெரிந்த ஒருவரிடம் போங்கள். அந்தக் குறுக்குச் சட்டம்தான் வண்டியின் முன்பாரம் முழுவதையும் முறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு பழைய கதவு அல்ல, பூச்சுப் பூசி மறைப்பதற்கு.

சேசி நன்றாக இருந்தால், தொடப்போகும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் முதல் நாள் மாலையே கம்பித் தூரிகை போட்டுத் துரு எண்ணெய் அடித்து வையுங்கள். அடுத்த நாள் காலையில் இன்னொரு தடவை. இந்த ஊரில் இதைச் செய்யாமல் ஸ்பானரைப் போட்டால் போல்ட்டின் தலைதான் கையோடு வரும்.

பின்பக்கம்

எல்லோரும் முன்பக்கத்தில் தொடங்குவார்கள். நான் பின்பக்கத்தில் தொடங்குவேன். வண்டியை இறக்கப் பின்னால் அச்சுக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் கட்டையின் கனம் மாறாது. முன்னால் டோர்ஷன் பாரைத் திருகி எவ்வளவும் கூட்டலாம், குறைக்கலாம். மாறாததை முதலில் முடித்துவிட்டு, மாறக்கூடியதை அதற்கு ஏற்றபடி சரிசெய்வதே சுலபம்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹப்பின் (சக்கரம் பூட்டும் குடத்தின்) நடுவில் இருந்து மட்காட்டின் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து சுவரில் எழுதுங்கள். தரையில் இருந்து அளக்காதீர்கள். டயரின் காற்று ஏறி இறங்க அந்த அளவும் மாறும்.

பிறகு குனிந்து, அச்சு பட்டைகளுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் கட்டை வாங்காதீர்கள். என் வண்டியில் அச்சு பட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைப்பில், பட்டைக்கும் அச்சுக்கும் இடையே இரண்டு அங்குலக் கட்டை வைத்தால் அச்சு இரண்டு அங்குலம் மேலே போகும், வண்டி அதே அளவு இறங்கும். அச்சு பட்டைகளுக்குக் கீழே தொங்குகிற வண்டியில் அதே கட்டையை வைத்தால் வண்டி உயரும். நாலு சக்கர உந்து கெப்பில் அப்படிக் கட்டை வைத்துவிட்டு, வண்டி ஏன் வளர்ந்துவிட்டது என்று தலையைச் சொறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

கட்டை ஒரே துண்டாக, இரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்க வேண்டும். இரண்டு மெல்லிய கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. மரக்கட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதையும் பார்த்திருக்கிறேன். கட்டையின் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையும் இருக்கும். பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட்டின் தலை அந்தக் குழிக்குள்ளும், கட்டையின் முளை அச்சின் இருக்கையில் உள்ள துளைக்குள்ளும் போய் உட்கார வேண்டும். அச்சு முன்பின் நகராமல் பிடிப்பது இந்த முளைதான். லேத் பட்டறையில் கடையக் கொடுக்கும்போது பழைய நடு போல்ட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முளை துளைக்குள் ஆடினால் திருப்பிக் கொடுங்கள்.

அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் புதிதாக வேண்டும். கட்டையின் கனம் எவ்வளவோ அவ்வளவு நீளம் கூடுதலாக. கட்டிடத்துக்குப் போடும் கம்பியை வளைத்து மரை வெட்டித் தருகிறேன் என்று சொல்பவரை விட்டு விலகுங்கள். அந்தக் கம்பி இழுபட்டுக்கொண்டே போகும், நட்டு தளர்ந்துகொண்டே வரும்.

முன் சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, சேசியை ஸ்டாண்டுகளில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இன்னொரு ஜக்கை டிஃபரன்ஷியலுக்கு அடியில் பிடித்து, ஷொக் அப்சோபரின் கீழ் நட்டையும் யூ போல்ட்களையும் கழற்றினால் அச்சு பட்டையை விட்டு எழும்பும். எழுப்பும்போது கண் இருக்க வேண்டிய இடம் பிரேக் ஹோஸ், கை பிரேக் கேபிள். எதுவும் இழுபடக் கூடாது, எங்கும் நசுங்கக் கூடாது. கட்டையைச் செருகி, முளையை விரலால் தடவிப் பார்த்து, அச்சை இறக்குங்கள். யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கு, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு.

இப்போது சீமெந்து மூட்டை. பத்து மூட்டையைப் பெட்டியில் ஏற்றினால் 500 கிலோ. ஏற்றிவிட்டு அச்சுக் குழாய்க்கும் சேசிக்கும் இடையே எத்தனை அங்குலம் மிச்சம் என்று பாருங்கள். வெறும் வண்டியில் மூன்று அங்குலத்துக்குக் குறைவாகவோ, பாரத்தில் முட்டுமளவிலோ இருந்தால் கட்டையைச் சிறிதாக்குங்கள். சேசியை வளைவாக வெட்டி அச்சுக்கு வழிவிடுகிற வேலையும் உண்டு. அதை அளந்து, வலுத்தகடு வைத்து ஒட்டத் தெரிந்தவர் செய்ய வேண்டும். நான் செய்வதில்லை.

ஒரு பட்டையை உருவிவிட்டால் தானாக இறங்கும் என்று சொல்வார்கள். இறங்கும்தான். பாரம் தாங்கும் திறனும் கூடவே இறங்கும், கிளட்சை விடும்போது அச்சு முறுக்கிக்கொண்டு உதறும். பட்டையைத் தீயில் காட்டி நிமிர்த்துவது அதைவிட மோசம். சூட்டோடு அதன் பதம் போய்விடும்.

ஓட்டிப் பார்க்கும்போது 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் வண்டியின் தளம் அதிர்ந்தால், எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டின் கோணம் மாறியிருக்கிறது என்று பொருள். அச்சின் இருக்கையில் மெல்லிய ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம். இன்னொன்று: புதிய ஹைலக்ஸ் போன்ற சில கெப்புகளில் பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று அச்சோடு இணைந்திருக்கும். வண்டியை இறக்கினால் பாரம் ஏற்றியிருப்பதாக அது நினைத்துக்கொள்ளும், மழையில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த வால்வின் தண்டையும் சரிசெய்ய வேண்டும்.

முன்பக்கம்

டோர்ஷன் பார் என்பது முறுக்கி வைத்த இரும்புத் தண்டு. முன்முனை சக்கரத்தைத் தாங்கும் சக்கரக் கையில், பின்முனை குறுக்குச் சட்டத்தில். பின்முனையில் உள்ள நெம்புகையை ஒரு நீள போல்ட் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தினால் வண்டி இறங்கும். மரை எத்தனை வெளியே தெரிகிறது என்று இரண்டு பக்கமும் எண்ணி எழுதிவிட்டு, சக்கரங்கள் தொங்கும்படி முன்பக்கத்தைத் தூக்கி, பூட்டு நட்டை விட்டுத் தளர்த்துங்கள். பிறகு இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் சில மீற்றர் உருட்டி, அப்புறம்தான் அளக்க வேண்டும். உருட்டாமல் அளந்தால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய்யான உயரத்தைக் காட்டும்.

இடமும் வலமும் ஒரே எண்ணிக்கை திருப்பினால் ஒரே அளவு இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐம்பது வயதுத் தண்டுகள் இரண்டும் ஒரே மாதிரிச் சோர்ந்திருக்காது. மரையைப் பார்க்காதீர்கள், மட்காட்டைப் பாருங்கள்.

போல்ட் முடிந்தும் உயரம் போதவில்லை என்றால், முறுக்கை முழுவதும் விட்டு, தண்டை உருவி, அதன் முனையில் உள்ள பற்களில் ஒரு பல் தள்ளிப் பூட்ட வேண்டும். கழற்றும் முன் சுண்ணாம்பால் குறியிடுங்கள். இடது தண்டை வலதில் போடக் கூடாது; ஒவ்வொன்றும் அதனதன் பக்கத்துக்கு முறுக்கிப் பழகியது. கழற்ற வரவில்லை என்று காஸ் தீயை அதில் காட்டவே கூடாது.

இறக்கியபின் வண்டி 'தொம் தொம்' என்று அடித்தால் குற்றம் தண்டில் இல்லை. சக்கரக் கை ரப்பர் முட்டுக்கு மிக அருகே வந்துவிட்டது. அந்த ரப்பர் முட்டில் பாதியை அறுக்கலாம், அகற்றக் கூடாது. ஷொக் அப்சோபர் நின்ற நிலையில் இருந்து உள்ளே போக இன்னும் இரண்டு அங்குலமாவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் குட்டையானதைப் போடுங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடும்போது வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், விரிந்த நீளம், சுருங்கிய நீளம், கண்ணின் துளை ஆகிய மூன்று அளவையும் கொண்டுபோங்கள்.

இறங்கிய முன் சக்கரங்களின் தலை உள்ளே சாயும். அப்படியே ஓடினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. மேல் கையின் தண்டு சேசியில் படும் இடத்தில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கின்றன. சாய்வைத் திருத்துவது அவற்றால்தான். கம்பியூட்டர் வைத்திருக்கும் அலைன்மென்ட் கடைப் பையனுக்கு அந்தத் தகடுகள் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். கையைப் பிடித்துக் காட்டுங்கள்.

இனி ரிம்

620-க்கு ஆறு துளை. ஒரு துளையின் இடது விளிம்பில் இருந்து நேர் எதிர்த் துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் 139.7 மில்லிமீற்றர் வர வேண்டும். பஜேரோவுக்கும் நாலு சக்கர உந்து ஹைலக்ஸுக்கும் இதே அளவுதான். ஆகவே ரிம்முக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடுத்துளை, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து ஹப்பில் படியும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) இரண்டும் வேறுபடும். டயர் போடுவதற்கு முன் வெறும் ரிம்மை ஹப்பில் வைத்துப் பாருங்கள். கையால் தள்ளினாலே முகம் முழுவதும் படிய வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிச் சுற்றிப் பாருங்கள். ஒரே ஆஃப்செட்டில் ஒரு அங்குலம் அகலமான ரிம் போட்டால், உள்ளேயும் வெளியேயும் 12.7 மில்லிமீற்றர் வீதம் கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். படியாத ரிம்மை, இடையே ஸ்பேசர் எனும் தகடு வைத்துப் படியவைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நட்டில் ஒரு பொறி இருக்கிறது. டட்சனில் நட்டு ஏறும் ஸ்டட் 12 மில்லிமீற்றர், மரை இடைவெளி 1.25. டொயோட்டா நட்டும் 12 மில்லிமீற்றர்தான், ஆனால் இடைவெளி 1.5. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முதல் சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே ஏர் துப்பாக்கியால் அடித்தால் ஸ்டட் போயிற்று. விரலாலேயே நட்டைக் கடைசி வரை ஏற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்பானர். இறுக்கு 100 நியூற்றன் மீற்றர் அளவில்.

டயரில் பிள்ளைகள் பார்ப்பது அழகு, நான் பார்ப்பது பாரக் குறியீடு. பழைய 185 ஆர் 14 சி டயரில் 102 என்று இருக்கும். ஒரு டயர் 850 கிலோ தாங்கும். அதற்குப் பதில் 205/65 ஆர் 15 கார் டயர் போட்டால் உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் குறியீடு 94, அதாவது 670 கிலோ. மீன் பெட்டி ஏற்றும் வண்டிக்கு அது போதாது. வான்களுக்கு வருகிற 195/70 ஆர் 15 சி நல்ல இடைவழி: 104, 900 கிலோ, விட்டம் சுமார் 654 மில்லிமீற்றர். பக்கச் சுவர் கொஞ்சம் குட்டை, ரிம் ஒரு அங்குலம் பெரிது, தாழ்த்திய வண்டியில் பார்க்கவும் எடுப்பாக இருக்கும்.

மாற்றம் எதுவானாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் கசக்கும்.

ஓட்டிப் பார்க்க நிலாவெளி வீதி நல்லது. நேராக, காற்றோட்டமாகப் போகும். புறப்படும் முன் மட்காட்டின் உட்புறம் சோக்கைத் தேயுங்கள். திரும்பி வந்து பார்த்தால் எங்கே உரசியது என்று சோக்கு அழிந்த இடம் சொல்லும். வேகத்தடைகளைச் சாய்வாக ஏறுங்கள். நகருக்குள் அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே வரும், பிரேக் சோதனையை அவை வீட்டுக்கே கொண்டுவந்து தரும். முன் விளக்கின் வெளிச்சத்தையும் ஒரு சுவரில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

100 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். பட்டைகள் படிந்ததும் அலைன்மென்ட் இன்னொரு முறை. கழற்றிய பழைய யூ போல்ட்களை இரண்டாக அறுத்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்கள். முழுதாகப் போட்டால் எவராவது பொறுக்கி இன்னொரு வண்டிக்குப் பூட்டிவிடுவார்.