மூடியை இறுக்கினால் உரம் வராது

எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் புதிதாகக் காய்கறிக் கழிவை மட்கவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சந்தோஷமாகப் போய்ப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள். பிளாஸ்டிக்கைப் போடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சருகு இல்லாமல் ஆரம்பிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பழைய பெயின்ட் வாளியில் தர்பூசணித் தோல், கீரைத் தண்டு, டீத்தூள் எல்லாவற்றையும் கொட்டி, வாடை வராமலிருக்க மூடியை இறுக்கிவிடுகிறார்கள். காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அது வடிய வழியில்லை, காற்று உள்ளே போகவும் வழியில்லை. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களே வேறு. முதலில் நாற்றமெடுக்கும் அமிலங்கள், கடைசியில் மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. சென்னையின் குப்பைக் கிடங்குகளான பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்த குப்பைக்குள் நடப்பதும் இதுதான். அப்படிப்பட்ட மேட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பார்த்தோம். அங்கே குப்பை போகக்கூடாது என்றுதானே வீட்டில் மட்கவைக்கிறோம்?

என் வாளியைப் பதினைந்தாம் நாள் மொட்டைமாடியில் திறந்தேன். கறுப்புக் கூழ். நாற்றம் இரண்டு மாடி இறங்கியது. அத்தனையும் குப்பைத்தொட்டிக்கே போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், குடியிருப்புக் கூட்டத்தில் மாடியில் உரமே போடக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்கள். அதை மாற்ற இரண்டு வருடம் ஆனது.

ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு. வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளை. வாரம் இருமுறை கிளறல். அவ்வளவுதான். மாசி, பங்குனியில் வேம்பு கொட்டும்போதே சாக்கில் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் தெருமுனையில் கொளுத்திவிடுவார்கள். பாதாம் இலையைக் கையால் நொறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் தட்டுத்தட்டாக ஒட்டிக்கொள்ளும். சருகே கிடைக்காவிட்டால் தேங்காய் நார்த்தூள் போதும்.

புழுவைக் கண்டு மருந்தடிப்பது

வேண்டாம். வாளியில் சருகை அதிகமாகச் சேருங்கள்.

மீன், கறி, எண்ணெய்ச் சாதம்

எலி வரும்.

அவசரப்பட்டுச் செடிக்குப் போடுவது

பாதி மட்கியதைப் போட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்றை இழந்தேன். மட்கி முடியாத உரம் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தனக்கு இழுத்துக்கொள்ளும், வேரையும் சுடும். கையில் எடுத்தால் சூடு இருக்கக்கூடாது, மழை பெய்த மண் வாசனை வரவேண்டும், எது தோல் எது தண்டு என்று அடையாளம் தெரியக்கூடாது. அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். சலித்து, தங்கியதை மறுபடி வாளியில் போடுங்கள். அடுத்த தொகுதிக்கு அதைவிட நல்ல உறை கிடையாது.

மூன்றில் ஒரு வீட்டில் வாளியைக் கவிழ்த்து, சருகு கலந்து கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற இரண்டு வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இன்னும் நான்கு சாக்கு வேப்பஞ்சருகு இருக்கிறது.