ஹெப்பெலின் 'நீபெலுங்கன்' நாடகத்தை வாசிப்பது எப்படி?

ஜெர்மானிய நாடகாசிரியர் பிரீட்ரிஷ் ஹெப்பெல் எழுதி, 1861இல் ஜெர்மனியின் வைமார் நகர அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பட்ட 'நீபெலுங்கன்' ஓர் ஓரங்க முன்னாடகமும், ஐந்தைந்து அங்கங்கள் கொண்ட இரண்டு துன்பியல் நாடகங்களும் சேர்ந்த பெரும்படைப்பு. நேராக உள்ளே நுழைந்தால் பெயர்களிலேயே தடுமாற நேரும். எனவே, 1200ஆம் ஆண்டையொட்டி எழுந்த ஜெர்மானிய மூலக்காவியத்தின் கதைச்சுருக்கத்தை முதலில் படித்துவிடுங்கள். முடிவு முன்பே தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டியதில்லை. இந்த நாடகத்தின் சுவை கதைத்திருப்பத்தில் இல்லை. இதே கதையைத் தொட்ட இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்தை அறிந்தவர்கள் அதைச் சற்று ஒதுக்கி வைப்பது நல்லது, ஏனெனில் அவர் பெரிதும் சார்ந்திருந்தது ஸ்காண்டிநேவியப் பழங்கதைகளை.

அடுத்து, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே படியுங்கள். கிரீம்ஹில்டை மணப்பதற்காக, அவள் அண்ணனும் வோர்ம்ஸ் நகர மன்னனுமான குந்தருக்கு, பெருவலிமை கொண்ட அரசி பிரூன்ஹில்டை வென்று தர மாவீரன் சீக்ஃபிரீட் இசைவதே அந்தத் தாளின் முதல் வரி. பின்னால் வரும் அழிவெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாம் பகுதியில், வோர்ம்ஸ் பேராலய வாசலில் எவர் முதலில் நுழைவது என்று அரசியர் கிரீம்ஹில்டும் பிரூன்ஹில்டும் மோதும் காட்சியை வாய்விட்டுப் படியுங்கள். மரியாதைப் பேச்சாகத் தொடங்குவது எந்த வரியில் வசையாக மாறுகிறது, பிரூன்ஹில்டை வென்றது குந்தர் அல்ல, சீக்ஃபிரீட் என்று மறைத்து வைத்த உண்மை எந்த ஆத்திரத்தில் வெளிப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அதன்பின் குந்தரின் வீரன் ஹாகன் கிரீம்ஹில்டிடம் வரும் காட்சி இன்னும் நுட்பமானது. டிராகனின் குருதியில் குளித்தபோது இலை ஒட்டிக்கொண்டதால் சீக்ஃபிரீடின் தோள்களுக்கு நடுவே காப்பற்றுப் போன இடத்தை, கணவனைக் காக்கும் எண்ணத்தோடு அவளே கொலைகாரனுக்குக் காட்டிக்கொடுக்கிறாள். அங்கே அவசரப்படாமல் நின்று படிக்க வேண்டும்.

மூன்றாம் பகுதியில் ஹாகனை வெறும் வில்லனாகப் பார்த்தால் நாடகம் பாதியாகச் சுருங்கிவிடும். அவன் சீக்ஃபிரீடைக் கொன்றது தன் அரசனின் மானத்துக்காக. அவனைப் பழிவாங்கப் புறப்பட்ட கிரீம்ஹில்டும் காட்சிக்குக் காட்சி அவனைப் போலவே இறுகிப்போகிறாள். என் கணிப்பில், இவர்கள் இருவரையும்விட நம்மை அதிகம் உலுக்குபவன் எட்சலின் வீரன் ரூடிகர். கிரீம்ஹில்டுக்குக் கொடுத்த சத்தியமும், அவளை மறுமணம் செய்துகொண்ட ஹூணர்களின் மன்னன் எட்சலுக்குரிய செஞ்சோற்றுக்கடனும் ஒருபக்கம் இழுக்க, தன் வீட்டு விருந்தினராகத் தங்கிச் சென்ற குந்தர் கூட்டத்தார் மீதே அவன் வாளெடுக்கிறான். உங்கள் தாளில் இவன் பெயரருகே எத்தனை கோடுகள் வந்து முட்டுகின்றன என்று பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் எட்சல் தன் மணிமுடிகளைத் துறக்க, சிலுவையில் இறந்தவரின் பெயரால் அவன் அவையிலுள்ள கிறித்தவ வீரன் டீட்ரிஷ் அவற்றை ஏற்கிறான். பழைய பழிக்குப்பழி அறம் ஓய்ந்து கிறித்தவ அறம் எழுகிறது என்று இதற்குப் பொருள் சொல்வதுண்டு. அதை உடனே ஒப்புக்கொள்ளாமல் பேராலயக் காட்சியை மறுபடி புரட்டுங்கள்: சண்டையிட்ட அரசியர் இருவரும் பூசைக்குச் செல்லும் வழியில்தான் இருந்தார்கள்.