லெட்டர்ஸ் பேட்டன்ட்டுக்கும் காப்புரிமைக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

பழைய கோர்ட் தீர்ப்புகள், பிரிட்டிஷ் காலத்து ஆணைகள், அரசியல் சட்டக் கட்டுரைகள் என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலைக்கு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் அவர்கள் அனுப்பும் முதல் படியைத் திருத்த உட்கார்ந்தால், எங்கள் தலைமுறை விழுந்து எழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுந்து கிடக்கிறார்கள். ஒற்றுப்பிழை, ஆண்டை மாற்றிப் போடுவது எல்லாம் இங்கே வேண்டாம், அதை ப்ரூஃப் பார்ப்பவர் பார்த்துக்கொள்வார். அரசர், அவருடைய அதிகாரிகள், ரகசியம், முத்திரை ஆகியவற்றைச் சுற்றி வரும் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

பிரிவி என்றதும் ரகசியம் என்று எழுதுவது

பிரிட்டிஷ் அரசரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் "ரகசிய மன்றம்" ஆகிவிடுகிறது. இங்கே பிரிவி என்றால் அரசருக்கு நெருக்கமான, அவருக்கே உரிய என்று பொருள். உள்ளே பேசுவதை வெளியே சொல்லமாட்டோம் என்று உறுப்பினர்கள் பிரமாணம் எடுப்பது உண்மைதான், அதற்காக மன்றமே ஒளிந்துகொண்டா இருக்கிறது? ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில் 1868ல் முடிவு சொன்னது இதன் ஜுடிஷியல் கமிட்டிதான், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடம் அது. அதற்கு ஐந்து வருடம் முன்பு சிவகங்கை ஜமீன் வழக்கும் அங்கேதான் தீர்ந்தது. இரண்டையும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். 1949 அக்டோபரில் இந்திய வழக்குகள் அங்கே போவது நின்றது. "பிரிவி கவுன்சில் வரைக்கும் போவேன்" என்கிற பேச்சு மட்டும் கிராமங்களில் தங்கிவிட்டது. அதனால் பிரிவி கவுன்சில் என்றே விட்டுவிடுங்கள், யாருக்கும் புரியாமல் போகாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. அந்தக் கமிட்டி தன் தீர்ப்பை "மகாராணியாருக்குப் பணிவுடன் ஆலோசனை கூறுவோம்" என்ற தோரணையில்தான் முடிக்கும். அதை "பரிந்துரைத்தது" என்று எழுதினால், ஏற்பதும் ஏற்காததும் ராணியின் விருப்பம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நடைமுறையில் அது தீர்ப்பேதான்.

பிரிவி பர்ஸ், அதாவது முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த தொகை, வந்தால் "மன்னர் மானியம்". 1971ல் 26ஆவது திருத்தம் அதை ஒழித்தபோது பத்திரிகைகள் எழுதிய சொல் கையில் இருக்க, "ரகசியப் பணப்பை" எதற்கு?

லெட்டர்ஸ் பேட்டன்ட்

இந்த ஒன்றுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது. பேட்டன்ட் என்ற சொல்லைக் கண்டதும் கை தானாகக் "காப்புரிமை" என்று அடித்துவிடுகிறது. ஒரு நொடி நின்று, இந்தப் பத்தியில் யார் எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்டுக்கொள்வதே இல்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்து அரசவையிலிருந்து கடிதம் இரண்டு விதமாகப் போனது. ஒன்று, மடித்து, முத்திரையை உடைத்தால்தான் படிக்க முடியும் என்கிற மாதிரி மூடி, குறிப்பிட்ட ஆளுக்கு அனுப்புவது. அது லெட்டர்ஸ் க்ளோஸ். இன்னொன்று மடித்து மூடாமல், அரக்கு முத்திரையை அடியில் தொங்கவிட்டு, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று விரித்தபடியே கொடுப்பது. அதுதான் லெட்டர்ஸ் பேட்டன்ட், அதாவது திறந்த கடிதம். பட்டம், பதவி, நிலம், வணிக உரிமை என்று எதைக் கொடுத்தாலும் ஊரறியக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்கு இந்த ஏற்பாடு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் ராணி கொடுத்ததும் இப்படி ஒன்றுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குத் தனியுரிமை கொடுத்ததும் இதே வகைக் கடிதத்தில். அரசர் இஷ்டத்துக்குத் தனியுரிமை வழங்குவதை 1624ல் ஒரு சட்டம் தடுத்தபோது புதிய கண்டுபிடிப்புகளுக்கு மட்டும் 14 ஆண்டு வரை விலக்கு வைத்தது. அப்புறம் நாளடைவில் கடிதம் உதிர்ந்து பேட்டன்ட் மட்டும் நின்றது. அதைத்தான் நாம் காப்புரிமை என்கிறோம். பேரனின் பெயரைத் தாத்தாவுக்கு வைக்காதீர்கள்.

இதில் நமக்கு என்ன என்றால், சென்னை உயர் நீதிமன்றமே 1862 ஜூன் 26 தேதியிட்ட லெட்டர்ஸ் பேட்டன்ட்டில் பிறந்தது. 1865ல் அதற்குப் பதிலாக வந்ததில் 15ஆவது கூறு என்று ஒன்று இருக்கிறது: தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்சுக்குப் போகும் வழி. லெட்டர்ஸ் பேட்டன்ட் அப்பீல், வக்கீல்கள் வாயில் எல்.பி.ஏ. சிவில் அப்பீல்களில் அந்த வழியை 2002ல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஏ பிரிவு மூடிவிட்டது என்றாலும், பழைய தீர்ப்பைத் தொட்டால் எல்.பி.ஏ. வந்தே தீரும்.

ஒரு பாகப்பிரிவினை வழக்கில், பழைய தீர்ப்பைத் தமிழில் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். புதிதாக வந்த தம்பி ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் "காப்புரிமை மேல்முறையீடு" என்று போட்டு அனுப்பிவிட்டார். பெரியவர் எனக்குப் போன் செய்து, "ஏங்க, எங்க சித்தப்பா அந்த நிலத்து மேல காப்புரிமை எல்லாம் வாங்கி வச்சிருந்தாராமே, எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் மனுஷர் அதற்குள் ஒரு காப்புரிமை வக்கீலைப் பார்த்து ஆலோசனைக் கட்டணமும் கட்டியிருந்தார். தம்பியிடம் கேட்டால், "அகராதியில அப்படித்தான் சார் இருக்கு." அகராதியில் இருக்கும். நிலத் தகராறில் அது எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டியது யார்?

லெட்டர்ஸ் பேட்டன்ட் என்றே எழுதி, முதலில் வரும் இடத்தில் "நீதிமன்றத்தை நிறுவிய அரச பட்டயம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வாரண்ட்

எல்லா வாரண்ட்டும் பிடிவாரண்ட் இல்லை. ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பது தம் கையொப்பமும் முத்திரையும் இட்ட வாரண்ட்டால் என்கிறது அரசியலமைப்பின் 155ஆவது பிரிவு. அதைப் "பிடியாணை" என்று எழுதிய படியை என் கண்ணால் பார்த்தேன். ஆணைப்பத்திரம் என்று எழுதுங்கள், ஆளுநரைக் கைது செய்யாதீர்கள்.

சைன் மேனுவல்

கையேடு இல்லை. அரசர் கைப்பட இடும் கையெழுத்து.

தீஸ் பிரசன்ட்ஸ்

பரிசுகள் இல்லை. இந்தப் பத்திரம்.

செக்ரட்டரி, சான்சலர்

செக்ரட்டரி என்றால் ஆதியில் அரசரின் ரகசியங்களை அறிந்த ஆள். அவர் கையில் சிக்னெட் என்கிற சின்ன முத்திரை இருந்தது. அங்கிருந்து வளர்ந்துதான் பிரிட்டனில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அமைச்சரானார். நம் ஊரில் செயலாளர் என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரிதான் நினைவுக்கு வருவார், ஆகவே அமைச்சர் என்றே எழுதுங்கள். இந்தியாவுக்கான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டாக இருந்த மாண்டேகுவை அந்தக் காலப் பத்திரிகைகள் அழகாக "இந்தியா மந்திரி" என்று எழுதின.

சான்சலர் பல்கலைக்கழகத்தில் மட்டும் வேந்தர். எக்ஸ்செக்கர், அதாவது பிரிட்டிஷ் அரசுக் கருவூலம், பக்கத்தில் வந்தால் நிதியமைச்சர்.

ரைட் ஆனரபிள்

"சரியான மாண்புமிகு" என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரிவி கவுன்சிலர்களுக்கு உரிய அடைமொழி இது. மிதவாதத் தலைவர் ஸ்ரீனிவாச சாஸ்திரி 1921ல் பிரிவி கவுன்சிலர் ஆனார். "மகாகனம்" என்ற சொல் தமிழில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருமந்திர ஓலை

அரசரின் ஆணையை ஓலையில் எழுதியவருக்குச் சோழர் காலத்தில் இந்தப் பெயர். இப்படிப்பட்ட சோழர் காலத்துப் பதவிப் பெயர்களை லண்டன்காரர்களுக்குச் சூட்டாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும்.

முத்திரை

தமிழில் முத்திரைத்தாளும் முத்திரைதான், ரப்பர் ஸ்டாம்பும் முத்திரைதான், அரக்கில் பதிப்பதும் முத்திரைதான். எது என்று ஒரு சொல் முன்னால் சேர்க்காவிட்டால் பத்திரப்பதிவு ஆவணத்தில் வம்பு வரும். கடையைப் பூட்டினால் "சீல் வைத்தார்கள்" என்பதே போதும்.

பிரிட்டிஷ் அமைச்சர் தன் சீல்ஸை (பதவி முத்திரைகளை) ஒப்படைத்தார் என்று வந்தால் பதவியை விட்டார் என்று பொருள், அப்படியே எழுதலாம். 1688 டிசம்பரில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் தப்பி ஓடும்போது தேம்ஸ் ஆற்றில் கிரேட் சீலை, அதாவது அரசின் பெருமுத்திரையை, எறிந்த கதையில் மட்டும் பதவி, ராஜினாமா என்று சுற்றி வளைக்காதீர்கள். அவர் நிஜமாகவே முத்திரையைத்தான் எறிந்தார். அது இல்லாமல் பாராளுமன்றத்தைக் கூட்டும் ஆணைகளை முறைப்படி அனுப்ப முடியாது.