ஜகாத், வக்ஃபு ஆய்வுக்காக இண்டியானாபொலிஸ் வந்திறங்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

ஜூலை பிறந்தால் போதும், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தர்மபுரி என்று மாறி மாறி எனக்கு போன் வரும். எல்லாம் ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம் கொடுத்தே ஆக வேண்டிய தர்மம்), வக்ஃபு (அறப்பணிக்கென்று ஒதுக்கிய சொத்து) பற்றி ஆராயப் போகும் பிள்ளைகள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அட்மிஷன் வந்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, இறங்கியதும் என்ன செய்வது? "தானதர்மத்தைப் பத்திப் படிக்க அமெரிக்கா எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள், என்ன சொல்வது? இந்த வருடம் கள ஆய்வுக்காக நானே கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை, பழையபேட்டையில் நன்னி (பாட்டி) வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

முதல் பத்து நாளை அலுவலக வேலைக்கே கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வருகையைப் பதிவு செய்யாமல் வேறு எதிலும் இறங்க வேண்டாம். உங்கள் எஃப்-1 மாணவர் விசா நிலை அந்தப் பதிவில்தான் நிற்கிறது. ஆய்வு உதவியாளர் வேலை இருந்தால் துறையிடம் கடிதம் வாங்கி சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் சம்பள வேலை கூடவே கூடாது. பள்ளிவாசலில் சனி, ஞாயிறு குர்ஆன் வகுப்பு எடுக்கச் சொல்லி அன்போடு கையில் பணம் வைப்பார்கள். வகுப்பு எடுங்கள், பணத்தை வாங்காதீர்கள். அடுத்த ஆண்டு வரிக் கணக்கு நேரத்தில், வருமானமே இல்லை என்றாலும் 8843 படிவம் போட வேண்டும். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (வருமானத்தில் நிலையான கழிவு) உண்டு. மற்ற நாட்டு நண்பர்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது, அதனால் அவர்களைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீர்கள்.

அலுவலக விஷயம் இத்தோடு சரி. இனி, நான் வந்தபோது யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று.

எனக்கு முதல் உதவித்தொகை கைக்கு வர ஆறு வாரம் ஆனது. கொண்டுபோன பணம் அறை முன்பணத்துக்கே போய்விட்டது. நன்னி கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி தீர்ந்த வாரத்தில், வளாகத்தில் மாணவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் தரும் இடம் ஒன்று இருப்பதாகப் பக்கத்து அறைப் பெண் சொன்னாள். கதவு வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். மூன்றாம் முறைதான் உள்ளே போனேன். கடை மாதிரி அலமாரிகள். கூடையை நாமே எடுத்துக்கொண்டு வேண்டியதை நாமே எடுக்கலாம். ஒரு பாக்கெட் அரிசி, இரண்டு டின் கொண்டைக்கடலை, ஒரு வெங்காயப் பை எடுத்தேன். யாரும் என் கதையைக் கேட்கவில்லை. பெயரைச் சத்தமாகக் கூப்பிடவும் இல்லை.

அறைக்கு வந்து அரிசியைக் களைந்தபோது, ரமலான் கடைசிப் பத்து நாளில் அத்தாவின் (அப்பாவின்) மாங்காய் மண்டி வாசல் நினைவுக்கு வந்தது. ஜகாத் சேலை வாங்க டோக்கனோடு பெண்கள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் பெயரைக் கூவ, நான் கட்டிலிருந்து சேலையை உருவிக் கொடுப்பேன். எட்டு வயதில் அது எனக்குப் பெருமையான வேலை. வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான், 27 வயதில், முதல்முறையாக யோசித்தேன்.

குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகளில் தொடங்கும் அந்த வரிசையில் கடனாளி உண்டு. கடைசியாக இப்னு ஸபீல், அதாவது வழிப்போக்கர். ஊரில் வீடு வாசல் இருந்தாலும் வழியில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பவர் அவர். முதல் இரண்டு மாதம் நீங்கள்தான் அந்த எட்டாவது ஆள். அதை மறைக்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் கொடுத்தார், எந்தச் சொல்லால் கொடுத்தார், வாங்கும்போது உங்கள் கண் எங்கே போனது என்று எல்லாம் எழுதுங்கள். என் ஆய்வேட்டில் உருப்படியாக இருக்கும் இரண்டு அத்தியாயங்கள் அப்படி ஒரு நோட்டிலிருந்துதான் வந்தன.

இந்தத் துறையில் எழுதப்படுவதில் பெரும்பகுதி கொடுப்பவரைப் பற்றியது. எவ்வளவு கொடுத்தார், ஏன் கொடுத்தார், யார் மூலம் கொடுத்தார் என்றே போகும். நமக்கும் அது பழகிய பார்வைதான். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பாடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம்; தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. வள்ளல் என்ற சொல்லிலேயே கொடுப்பவரின் புகழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜகாத்தின் கணக்கு வேறு. செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் 'ஹக்', அதாவது உரிமை இருக்கிறது என்று குர்ஆன் சொல்கிறது. உரிமை என்றால் வாங்குபவர் ஏன் தலைகுனிய வேண்டும்? ஊரில் அவர்கள் தலைகுனிந்து நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? ஈகையையும் சமூகநீதியையும் சேர்த்து ஆராய்வது என்றால் என் வரையில் இந்தக் கேள்விதான்.

'சமூகநீதி' என்ற சொல்லையும் கவனமாகக் கையாளுங்கள். நாம் அந்தச் சொல்லைச் சொன்னால் இட ஒதுக்கீடு நினைவுக்கு வரும், 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 சதவீதம் நினைவுக்கு வரும். வகுப்பில் உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு அப்படி எதுவும் வராது. நீதியைக் குறிக்கும் 'அத்ல்' என்ற அரபுச் சொல்லோ, கறுப்பின முஸ்லிம்களின் போராட்டமோ வரும். உங்கள் அர்த்தத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் கட்டுரையிலேயே அதை விளக்கி எழுதுங்கள். அரசிடம் கேட்டுப் பெறும் உரிமையும் அண்டை வீட்டாரிடம் இருக்கும் உரிமையும் ஒரே ஊரில் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன என்று சொல்ல நம்மிடம் நிறைய இருக்கிறது. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு பச்சரிசி தருகிறதே, அது ஒன்றே போதும். அந்தக் கஞ்சி தர்மமா, அரசு நலத்திட்டமா, ஊர்ச்சோறா? பள்ளிவாசல் வாசலில் மதம் பார்க்காமல் தூக்குவாளியோடு பிள்ளைகள் நிற்பதை அங்கே விவரித்துப் பாருங்கள், அறையே நிமிர்ந்து உட்காரும்.

ஏன் இண்டியானாபொலிஸ்? ஈகையை மட்டுமே படிப்பதற்கென்று ஒரு கல்விப்புலம் அங்கே இருக்கிறது. 1987இல் ஆய்வு மையமாகத் தொடங்கியது, இன்று இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி ஃபேமிலி ஸ்கூல். முஸ்லிம்களின் ஈகைக்கெனத் தனி ஆய்வுப் பிரிவும் உண்டு, அதைச் சார்ந்து ஓர் ஆய்விதழும் வருகிறது. வட அமெரிக்க முஸ்லிம் அமைப்பான இஸ்னாவின் தலைமையகம், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பிளெயின்ஃபீல்டில்தான். வேறு கேள்விகளுக்கு வேறு ஊர்கள் பொருந்தும். அரசே ஜகாத் வசூலிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மலேசியா. அங்கே ஒவ்வொரு மாநில மதமன்றமும் வசூலிக்கிறது, கட்டியது வருமான வரியில் கழிகிறது. சிங்கப்பூரில் 1968 முதல் முயிஸ் என்ற இஸ்லாமிய மதமன்றம் இருக்கிறது. உலகளவில் உதவி செய்யும் முஸ்லிம் தொண்டு நிறுவனங்களைப் படிக்க பர்மிங்காம் நல்ல இடம், இஸ்லாமிக் ரிலீஃப் 1984இல் அங்கேதான் தொடங்கியது. ஊரைவிட முக்கியம் வழிகாட்டிப் பேராசிரியர். இஸ்லாமிய வங்கியியல் சொல்லித்தருபவர் எல்லோரும் ஜகாத் ஆய்வுக்குப் பொருந்த மாட்டார்கள். அவருடைய பழைய மாணவர் இரண்டு பேரிடமாவது பேசிவிட்டுச் சேருங்கள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் "எங்க ஊர்ல என்ன இருக்கு" என்று கூச்சப்படுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். மாங்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். விளைச்சலுக்கான ஜகாத் உஷ்ரு. மானாவாரியாக விளைந்தால் பத்தில் ஒன்று, கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பழங்களுக்கும் உஷ்ரு உண்டு. ஷாஃபி மத்ஹபில் பேரீச்சை, திராட்சை தவிர மற்ற பழங்களுக்குக் கிடையாது. ஆக, கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாந்தோப்பு வைத்திருக்கும் ஹனஃபிக்கு உள்ள கேள்வி, காயல்பட்டினத்தில் தோப்பு வைத்திருக்கும் ஷாஃபிக்கு இல்லவே இல்லை. அதிலும் நம் மண்ணுக்கு உஷ்ரு பொருந்துமா என்பதில் ஹனஃபி ஆலிம்களிடமே (மார்க்க அறிஞர்களிடமே) கருத்து வேறுபாடு உண்டு. சொட்டுநீர் போட்ட தோப்புக்கு எவ்வளவு? காய்க்கும் முன்பே தோப்பைக் குத்தகைக்கு விட்டால் யார் கொடுப்பது? மண்டியில் அத்தாவிடம் விவசாயிகள் கேட்ட கேள்விகள் இவை. நான் கருத்தரங்கில் முதலில் வாசித்த கட்டுரையே இதுதான்.

வக்ஃபும் அப்படித்தான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு நம் பகுதி அடங்கிய பாராமஹால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தபோது, கலெக்டர் அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து ஏராளமாக எழுதி வைத்தார்கள். பிறகு, இனாமாக (வரி விலக்கோ சலுகையோ தந்து) விடப்பட்ட நிலங்களை ஆராய்ந்த இனாம் கமிஷன் காலத்து ஐ.எஃப்.ஆர். (இனாம் நிலப்) பதிவேடுகள், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். பள்ளிவாசல், தர்கா, கோயில், சத்திரம், ஏரி வேலை என்று எந்த நிலம் எதற்கு இனாமாக விடப்பட்டது என்பது அவற்றில் இருக்கும். ஒரே பதிவேட்டில் பள்ளிவாசலில் விளக்கேற்றும் எண்ணெய்க்கு விட்ட நிலத்தையும் கோயில் பூசைக்கு விட்ட நிலத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும். 2025 வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுநாள் பயன்பாட்டை மட்டும் வைத்து இனி ஒரு சொத்து வக்ஃபாகும் வழியை அடைத்துவிட்டது. அதனால் பழைய ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார்கள். வீட்டில் தக்னி (தக்காண உருது) பேசுபவர்கள் உருது எழுத்தை இப்போதே பழகுங்கள். அரபியை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள், மூன்றாம் வருடம் தொடங்கினால் நேரம் போதாது.

அப்புறம், நான் செய்த ஒரு தவறு. முதல் கள ஆய்வில், நோன்புப் பெருநாளையொட்டி ஏழைகளுக்குக் கொடுக்கும் பித்ரா அரிசி வாங்க நின்ற பெண்களைப் படம் எடுத்தேன். ஜமாஅத்தில் அனுமதி வாங்கியிருந்தேன், அது போதும் என்று நினைத்துக் கருத்தரங்கில் திரையில் போட்டேன். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அந்த வரிசையில் நின்ற ஓர் அம்மா வீட்டுக்குப் போனேன். பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்: "கண்ணு, எம் மூஞ்சி அங்க அமெரிக்காவுல காட்டுனியாமே? எம் மருமவன் வூட்ல நான் அரிசி வாங்கறது தெரியாது." நான் எதுவும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் பயிற்சியும் ஒப்புதலும் இல்லாமல் யாரிடமும் பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பேட்டி தருபவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது மட்டும் போதாது. பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி கொடுக்கும் அனுமதி முத்தவல்லியுடையது, வரிசையில் நிற்பவருடையது அல்ல. வாங்குபவரைத் தனியாகப் பார்த்து, அவருக்கு வசதியான நேரத்தில், வேண்டாம் என்று சொல்ல இடம் விட்டுக் கேளுங்கள். முகம் தெரியும் படம் வேண்டவே வேண்டாம்.

அங்குள்ள பள்ளிவாசலிலும் இதே பண்பு வேண்டும். செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் பல முஸ்லிம் தொண்டு நிறுவனங்கள் விசாரணைக்கு ஆளாயின, சில மூடப்பட்டன. கொடுத்த பணத்துக்காகத் தன்னையும் விசாரிப்பார்களோ என்ற பயத்தோடு வாழ்ந்த தலைமுறை அது. நோட்டும் பேனாவுமாகப் போய் "நீங்கள் எவ்வளவு ஜகாத் கொடுக்கிறீர்கள்" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள், திறக்காததும் நியாயமே. ஒரு வருடம் தொழுகைக்குப் போங்கள், இஃப்தாரில் பாத்திரம் கழுவுங்கள். முஸ்லிம் அல்லாத பிள்ளைகளும் இந்த ஆய்வுக்கு வருகிறார்கள், தர்மபுரியிலிருந்து போன வருடம் ஒரு தம்பி வந்தான். அவனுக்கும் இதையேதான் சொன்னேன். இஃப்தாரில் அவனைத் தேடிப் பிடித்துப் பிரியாணி வைக்கிறார்கள்.

உங்கள் சொந்தப் பணம் பற்றியும் கேட்கிறீர்கள். உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது நிஸாபை, அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவைத் தொட்டு ஒரு சந்திர ஆண்டு ஆனால் 2.5 சதவீதம் ஜகாத். நம் பக்கத்து ஆலிம்கள் நிஸாபை 87.48 கிராம் தங்கம் அல்லது 612.36 கிராம் வெள்ளி என்பார்கள், வேறு இடங்களில் 85, 595 என்பார்கள். வெள்ளியை வைத்துக் கணக்கிட்டால் மாணவரும் கொடுப்பவராகிவிடுவார், தங்கத்தை வைத்தால் பெரும்பாலும் ஆக மாட்டார். கல்விக் கடனை எப்படிக் கழிப்பது என்று உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து மதரஸா கட்டடத்துக்கு, ஏழைப் பிள்ளை ஃபீஸுக்கு வசூல் செய்து அனுப்பச் சொல்வார்கள். இதில் மிகவும் கவனமாக இருங்கள். இந்தியக் குடிமகனாக உங்கள் சொந்தச் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால், வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நண்பரின் பணத்தை உங்கள் கணக்கில் போட்டு அனுப்பினால் கதை வேறு. அந்தப் பணத்தை வாங்க ஊர் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். நல்ல மனதோடு செய்த உதவி முத்தவல்லியை வழக்கில் மாட்டிவிடக் கூடாது.

வேலை வாய்ப்பு? பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மதவியல், மானுடவியல், பொது நிர்வாகம் ஆகிய மூன்றில் ஒன்றிலாவது பாடம் நடத்தும் தகுதியை வளர்த்துக்கொள்ளுங்கள். ஈகை ஆய்வாளர்களின் அமைப்பான ஆர்னோவா நவம்பரில் மாநாடு நடத்தும், இரண்டாம் வருடமே விண்ணப்பியுங்கள். தொண்டு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளிலும் வேலை உண்டு.

பெட்டியில் இடம் இருந்தாலும் கனத்த கோட்டு இங்கிருந்து வேண்டாம், அங்கே பழைய துணிக் கடையில் மலிவாகக் கிடைக்கும், அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள். அதற்குப் பதில் உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் பைத்துல்மால் (பொதுநிதி) வரவு செலவு நோட்டின் நகலை, முத்தவல்லியிடம் கேட்டு, பெயர்களை மறைத்து எடுத்து வாருங்கள். உங்கள் கிராமத்து ஐ.எஃப்.ஆர். பக்கங்களின் நகலும் இருக்கட்டும். பருப்புப்பொடி இரண்டு கிலோ. இறங்கிய அன்று ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்கு போன் செய்யுங்கள், இங்கே அப்போது பகல்தான்.