விதைக்கு முன்னாடி கம்பிய குத்திப் பாருங்க

கனடாவோட சஸ்காச்சுவான் தெற்கு, அமெரிக்காவோட மொன்டானா மாதிரி மழை கம்மியான புல்வெளி நிலத்துல என்ன பயிர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, நுனியில சின்ன இரும்புக் குண்டு வெல்டு வச்ச நாலடிக் கம்பிய திருகாம நேரா மண்ணுல அழுத்துங்க. ஈர மண்ணுல இறங்கும், காஞ்ச மண்ணு வந்ததும் நின்னுடும். குண்டு கம்பிய விட கொஞ்சம் பெருசா இருந்தா பக்கவாட்டுல உரசாது, அதனால கைக்கே நல்லா தெரியும்.

ரெண்டடிதான் இறங்குதுன்னா மசூர் பருப்பு, பட்டாணி பக்கம் போங்க, அதுங்க தண்ணி கம்மியா குடிக்கும், வேரும் ரொம்ப ஆழம் போகாது. கம்பி முழுசா இறங்குச்சுன்னா கோதுமைய தைரியமா போடலாம், சூரியகாந்தி, குசும்பா இன்னும் ஆழத்துல இருந்தும் உறிஞ்சும்.

சரளை நிலம், உறைஞ்ச மண்ணுல இது சரிவராது. கல்லுல முட்டி நின்னத ஈரம் தீந்துடுச்சுன்னு எடுத்துக்காதீங்க, தள்ளித்தள்ளி நாலஞ்சு இடத்துல குத்துங்க.