அழுகிய உரத் தொட்டி சரியானது இப்படித்தான்

மொட்டை மாடியில் வைத்திருந்த 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் காய்கறிக் கழிவு மக்காமல் அழுகிக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை.

புளித்த மோர் தெளித்தேன், பலனில்லை. வேப்பம்புண்ணாக்கு தூவியதில் புழு கொஞ்சம் குறைந்தது, நாற்றம் அப்படியே. ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போட்டதும் மேல்பகுதி மட்டும் தேறியது, அடியில் சேறுதான். சரி, வெயிலில் காயட்டும் என்று இடம் மாற்ற நகர்த்தியபோது கண்ணில் பட்டது அது: டிரம்மின் அடி அளவுக்கே தரையில் ஓர் ஈர வட்டம்.

அடியில் துளைகள் இருந்தன. குச்சி விட்டுப் பார்த்தேன், அடைப்பும் இல்லை. ஆனால் தட்டையான அடிப்பாகம் சிமெண்ட் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் துளை இருந்தும் என்ன பயன்? தண்ணீர் வடியாது, காற்றும் ஏறாது. பக்கவாட்டுத் துளைகளோ மேலே மட்டும்தான்.

மூன்று செங்கல் மேல் டிரம்மை ஏற்றி, கீழே ஒரு தட்டு வைத்தேன். உள்ளே இருந்ததைக் கொட்டிக் கிளறி, அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள் பரப்பி, மறுபடி நிரப்பினேன். இடம், காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம். அன்றே தட்டில் கறுப்பாக நீர் வடிந்தது. சில நாளில் நாற்றம் போய்விட்டது, அப்பாடா!

தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் சில இன்னும் உண்டு. அவை கழிவைத் தின்று மக்கவைக்கும் ஈயின் புழுக்கள் என்பதால் விட்டுவிட்டேன்.