டயர் மாத்தப் போறீங்களா? முதல்ல பழைய டயரைத் தடவிப் பாருங்க

நம்ம வண்டி ஸ்விஃப்ட், டயர் சைஸ் 165/80 ஆர்14, வண்டியோட வந்த கம்பெனி டயர் 48,000 கிலோமீட்டர் ஓடுச்சு. மாத்தணும்னு சொன்னதும் எல்லாரும் கேட்டது எந்த பிராண்ட் போடப்போறன்னு தான். பாதி பதில் பழைய டயர்லயே இருக்குங்க. ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டைங்க) நல்லா இருந்தா காத்து கம்மியா ஓட்டியிருக்கோம், நடு மட்டும் தேஞ்சா காத்து அதிகம், ஒரே ஓரம் மொட்டையா இருந்தா பெரும்பாலும் அலைன்மென்ட் (சக்கரம் நிக்கிற கோணம்) கோளாறு. எனக்கு முன்னாடி இடது டயர்ல உள்பக்க ஓரம் போயிருந்துச்சு, வெளிய நின்னு பாத்தா தெரியவே இல்ல, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சு கையை உள்ள விட்டுத் தடவுனப்போ தான் அந்த இடம் மட்டும் வழவழன்னு இருந்துச்சு. அதை சரி பண்ணாம எவ்ளோ காசு குடுத்து புதுசு போட்டாலும் அதே ஓரம் தான் தேயும்.

பள்ளத்துக்குள்ள குறுக்கால சின்ன ரப்பர் மேடு இருக்கும், பட்டன் அதோட சமமா வந்துட்டா மிச்சம் 1.6 மிமீ தான், உடனே மாத்திடுங்க. ஐப்பசி மழை வருதுன்னா நான் 3 மிமீலயே மாத்திடுவேன், தண்ணியை வெளிய தள்ள பள்ளம் வேணும்ல.

பிராண்டுன்னு வந்தா, டாக்ஸி ஓட்டுற அண்ணன்கள் ஓட்டத்தைத் தான் பேசுவாங்க, எம்ஆர்எஃப், அப்போலோன்னு சொல்வாங்க. சத்தம் கம்மியா இருக்கணும், மழைல பிரேக் பிடிக்கணும்னு நினைக்கிறவங்க மிஷலின், யோகோஹாமா பக்கம் போவாங்க. பொதுவா ரப்பர் கெட்டியா இருந்தா நாள்பட ஓடும், மெத்துன்னு இருந்தா கிரிப் கூடும், சீக்கிரம் தேயும், ரெண்டும் ஒண்ணா எதிர்பாக்காதீங்க. நான் அகலம் கூட்டி 185/70 ஆர்14 போட்டேன், மொத்த உயரம் 5 மிமீ தான் குறையுது, அதனால ஸ்பீடோமீட்டர்ல பெருசா வித்தியாசம் இல்ல, ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் கனம். சைஸ் மாத்துனா லோட் இண்டெக்ஸ் (டயர் எவ்ளோ எடை தாங்கும்னு காட்டுற எண்) பழசை விட குறையாம பாத்துக்கோங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி தேதி பாருங்க. ஒரு தடவை அவசரத்துல ஒரு கடைல ரெண்டு டயர் போட்டுட்டு வீட்டுக்கு வந்து பாத்தா தயாரிச்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுது, மனசே ஆறல. டயர் பக்கவாட்டுல டிஓடின்னு (DOT) இருக்கிற வரில கடைசி நாலு எண், 2325ன்னா 2025ல 23வது வாரம். சில டயர்ல அது ஒரு பக்கம் தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்ள போயிட்டா அப்புறம் வண்டிக்கடியில படுத்துத் தான் பாக்கணும். பில்லையும் பாருங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் இல்ல, 18 தான்.

ரெண்டு மட்டும் மாத்துறீங்கன்னா புதுசை பின்னாடி போடச் சொல்லுங்க. முன் வீல் தானே இழுக்குதுன்னு கடைக்காரர் முன்னாடி போடப் பாப்பார், விடாதீங்க, ஈர ரோட்ல முன்னாடி வழுக்குனா ஆக்சிலேட்டரை விட்டா பெரும்பாலும் சமாளிச்சிடலாம், பின்னாடி வழுக்குச்சுன்னா வண்டியே சுத்திடும். அப்படியே பேலன்சிங், அலைன்மென்ட் முடிச்சு, ரப்பர் வால்வையும் புதுசா மாத்தச் சொல்லுங்க.